பதினேழு என்றேன்

மந்திரவாதி வேண்டாம் என்றாள் பெனிட்டா.
வாள்காரி, வில்காரி, பூனைக்காது வைத்த கள்ளி
ஒருத்தியும் வேண்டாம்.
நகத்தைக் கடித்து முடிக்கிற நேரம் யோசித்துவிட்டு
‘நான் சுடலைக்கண்ணு மாமா’ என்றாள்.

எங்கள் தெருவுக்கு
நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் திறந்துவிடுகிறவர்.
ஆறு ஓடுவது பக்கத்தில்தான்.
ஆனாலும் பாளையங்கோட்டையில்
ஆற்றைவிடப் பெரியவர் அவர்.
சைக்கிள் பாரில் கட்டிய இரும்புச் சாவி
இவளைவிட அரையடி உயரம்.

விதிப்புத்தகத்தில் அப்படியொரு வீரன் இல்லை.
பழைய ரத்தப் பரிசோதனைப் படிவத்தின் பின்பக்கம்
கோடு போட்டு எழுதினேன்.
பெயர் சுடலைக்கண்ணு.
இனம் மனிதர். அதை அடித்து ‘மாமா’ என்று திருத்தினாள்.
ஆயுதம் வால்வுச் சாவி.
உயிர்ப்புள்ளி பன்னிரண்டு.
சிறப்புத் திறன் என்ற இடத்தில் அவளே,
எழுத்துக்கூட்டி:
எல்லாரும் திட்டினாலும் கோவப்பட மாட்டார்.

ஃபேனை நிறுத்திவிட்டுப் பாயில் உட்காருவோம்.
நகைக்கடைக் காலண்டர் அட்டை இரண்டை
டேப்பால் ஒட்டி நிறுத்திய மறைப்புக்குப் பின்னால்
குகையும் நானே, குகைக்குள் பெய்கிற மழையும் நானே.
புளியங்கொட்டைகள் பூதப்படை.
தீப்பெட்டி, பாலம்.

மூன்று வாரமாக இறங்கிக்கொண்டிருக்கிறோம்.
நான் புதையல் வைத்த அறையில்
அவள் குழாய் போகிற திசையைக் கேட்டாள்.
கதவுகளுக்காக ராத்திரி விழித்து எழுதிய விடுகதைகள் வீண்.
சாவியைச் செருகி இடதுபக்கம் ஆறு சுற்று சுற்றுவார்,
திறந்துகொள்ளும்.
பூதங்களின் ராணியிடம்
‘குடத்த வரிசையில வையிங்க’ என்றார்.
வைத்தாள்.

பகலில் எனக்கு ஐகிரவுண்டு ரோட்டில் லேப்.
வருகிற எண்ணை எழுதுகிற வேலை.
போன ஐப்பசியில், காய்ச்சல் காலம்,
ஒரு தகப்பன் கவுண்டர் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு
‘கொஞ்சம் கூடப் போட்டுத் தாங்களேன்’ என்றான்,
நான் கூட்டிப் போட்டால்
பிள்ளை உடம்பிலும் ஏறிவிடும் என்பதுபோல.
இருந்ததை எழுதினேன். பதினெட்டாயிரம்.
அது சரிதான்.
இன்றைக்கும் சரிதான்.

நேற்று, பாலத்தின் நடுவில்,
நீலப் பகடை உருண்டு
என் அட்டைக்கு உள்பக்கம் வந்து நின்றது.
இருபது முகங்களில்
ஒன்று.
மாமாவிடம் மீதி உயிர்ப்புள்ளி இரண்டு.
பதினேழு என்றேன்.

லேபில் எண் வாசிக்கிற அதே குரலில்.

அட்டையைத் தூக்கினாள்.
தொடாமல், தலையை மட்டும் சாய்த்துப் பார்த்தாள்.
‘ஏம்மா, ஒண்ணுதான விழுந்திருக்கு.’
‘மாமா பாவம்லா.’
‘அப்ப என்னத்துக்கு என்ன உருட்டச் சொன்ன?’

தீப்பெட்டியை அவளே எடுத்து ஓரமாக வைத்தாள்.
‘பாலம் போச்சு. விழுதாரு.
எவ்ளோ ஆழம்?’

ஆழத்தை நான் எழுதியிருக்கவில்லை.
மற்ற எல்லாவற்றுக்கும் குறிப்பு வைத்திருந்தேன்,
வௌவாலுக்குக்கூட.
‘யோசிக்கணும்’ என்றேன்.
‘நாளைக்குச் சொல்லு.
அதுவரைக்கும் விழுந்துக்கிட்டே இருக்கட்டும்’
என்று சொல்லி அப்படியே தூங்கிப்போனாள்,
கன்னத்தில் ஒரு பூதம் ஒட்டிக்கொண்டிருக்க.

அஞ்சரைக்குத் தெருவில் குடச் சத்தம்.
சுடலைக்கண்ணு குனிந்து
சாவியைக் குழிக்குள் இறக்குகிறார்.
‘போன தடவ அர மணி நேரத்துல நிறுத்திட்டேரு, வெளங்குமா’
என்கிறார் எதிர்வீட்டு சார்.
அவர் கோபப்படவில்லை.
சுற்றுகளை எண்ணுகிறாள் இவள்,
ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம்.
பிறகு பல் தேய்க்காத வாயை என் காதருகே கொண்டுவந்து,
‘அவருகிட்ட சொல்லிராத.’

குடம் நிறைந்து வழிகிறது.
எட்டு மணிக்குள் லேபில் இருக்கவேண்டும்.
படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறேன்.
பேருந்தில் இடம் கிடைத்தால்
ஆழத்தை எழுதவேண்டும்.