இரண்டாம் எடை

மோர்ப்பண்ணையில் நண்டு வாங்குகிற கொட்டகை என்னுடையது.
தகரக் கூரை, ஒரு தராசு, ஐஸ் பெட்டி நான்கு,
வேலைக்கு ஆறு பேர்.
ஏழாவது ஆளும் நான்தான், எட்டாவதும்.

தராசடியில் நிற்பவன் பெயர் நம்புவேல்.
இந்தக் கரையில் நம்பு என்று தொடங்கும் பெயர்
தெருவுக்கு நாலு இருக்கும்.
நம்பு, கூடையைத் தூக்கு. நம்பு, ஈரத்தைக் கூட்டு.
நம்பு, விலை பேசாதே, நான் வருகிறேன்.
ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்லியிருப்பேன் அந்தச் சொல்லை.
சொன்னதோடு சரி.

அவன் போட்ட எடையை நான் மறுபடி போடுவேன்.
நான்கு வருடம், ஒரு கூடை விடாமல்.
பன்னிரண்டு நானூறு என்று அவன் எழுதியது
என் கைக்கு வரும்போது பன்னிரண்டு இருநூற்றைம்பது.
தினமும் குறைந்தது. கூடியதே இல்லை.
வாய்விட்டு அவனை ஒன்றும் கேட்டதில்லை,
முகம் கேட்டிருக்கும்.
"ரெண்டு தடவை போட்டா நண்டு வளரவாக்கா போகுது?"
என்றான் ஒருநாள்.
பூமயில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மாசியில் அவனுக்குக் காய்ச்சல்.
நானே தூக்கினேன், நானே போட்டேன், நானே எழுதினேன்.
பதினொன்று அறுநூறு.
அதற்குள் கம்பெனியிலிருந்து போன்,
வண்டி உப்பூரில் பஞ்சர் என்று.
பேசிவிட்டு வந்து, பழக்கம் பாருங்கள்,
அதே கூடையை மறுபடி வைத்தேன்.
பதினொன்று நானூற்றைம்பது.

கொட்டகையில் யாரும் இல்லை.
கூடைக்குள் கால்கள் ஒன்றையொன்று பிராண்டின.
யாரடி எடுத்தது என்று
ஒரு கணம் என்னையே திரும்பிப் பார்த்தேன்.
பிறகுதான் தரையைப் பார்த்தேன்.
சிமெண்டில் கூடையின் அடி அளவுக்கு ஈரம்.
அதிலிருந்து நூல் பிரிந்து, வாசல் தாண்டி,
கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது
நூற்றைம்பது கிராம்.

நான்கு வருடம் நான் சந்தேகப்பட்டது தண்ணீரை.

இதை அவனிடம் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை.
காய்ச்சல் விட்டு வந்தவனிடம் நோட்டை நீட்டி
"இனிமே விலையும் நீயே பேசு" என்றேன்.
வாங்காமல் நின்றான்.
"திட்டுறீங்களாக்கா?"

வியாழக்கிழமை ராமநாதபுரத்தில் பேங்க்.
தேவிபட்டினத்தில் இன்னொரு கொட்டகை போட லோன்.
டோக்கன் எழுபத்தொன்று.
மடியில் போன். பத்து மணிக்கு அடிக்கவில்லை,
பதினொன்றுக்கும் இல்லை.
சார்ஜ் பார்த்தேன், டவர் பார்த்தேன்,
பக்கத்திலிருந்த அம்மாளிடம் நம்பரைச் சொல்லி
ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னேன்.
அடித்தது.
நான் இல்லாமல் நடக்கட்டும் என்றுதான் கிளம்பினேன்.
நடந்துவிடுமோ என்று உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க இங்க இருக்கீங்க, அங்க யாரு பாக்குறா?"
மேனேஜர் கேட்டார்.
நம்பு, என்றேன்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.
பேரு சார் அது, என்றேன்.

சாயங்காலம் நோட்டைத் திறந்தால்
கோழி கிளறின மாதிரி எழுத்து.
காரங்காட்டுச் சூசைநாதன் படகுக்குக் கிலோவுக்கு இருபது கூட.
ஓரத்தில் காரணம்: தொண்டி ஆள் பைக்கில் நின்னான்.
நானாக இருந்தால் பத்தோடு நிறுத்தியிருப்பேன்.
அல்லது படகு போயிருக்கும். தெரியாது.
கீழே இன்னொரு வரி:
சினை நண்டு அஞ்சு. கடல்ல விட்டாச்சு. என் சம்பளத்துல கழிக்கவும்.

கழிக்கவில்லை.
அந்த இருபது ரூபாய்தான் தொண்டையில் நின்றது.
ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன், இறங்கியது.

இப்போதெல்லாம் ஆறரைக்குத்தான் போகிறேன்.
தராசுப் பக்கம் போகாமலிருக்க ஐஸ் உடைக்கிறேன்.
அது செந்தூரான் வேலை, அவன் முறைக்கிறான்.
கொட்டகைச் சாவியை நம்புவிடம் கொடுத்தாயிற்று.
இன்னொரு சாவி என் பர்ஸில் இருக்கிறது.
அதைப் பற்றி
இன்றைக்குக் கேட்காதீர்கள்.