சொன்னாங்க

பினாங்கு நீதிமன்றத்தில், ஐம்பத்தாறாம் வருஷம்,
தீர்த்தமலை பேசியது மூன்றே சொல்:
"சுடச் சொன்னாங்க. சுட்டேன்."

அவனுக்கும் நீதிபதிக்கும் நடுவில் நான்.
மாதம் நூற்றெண்பது வெள்ளி.
உள்ளதை உள்ளபடி பெயர்ப்பேன் என்று
சத்தியம் செய்து கொடுத்தவன்.

சொன்னாங்க.
பத்துப் பேர் சேர்ந்து சொன்னாலும் சொன்னாங்க.
பெரிய மனிதர் ஒரே ஒருவர்
சுருட்டை எடுக்காமல் சொன்னாலும் சொன்னாங்க.
அப்பா சொன்னாங்க, தொரை சொன்னாங்க,
சங்கத்துல சொன்னாங்க.
அந்தக் கடைசி ஆங்க-வுக்குள்
ஒரு ஆளும் நிற்கலாம்,
ஒரு ஊரே ஒளியலாம்.

ஆங்கிலத்தில் அப்படியொரு இடம் கிடையாது.
ஒன்றா, பலவா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.
நீதிபதி பேனாவைத் தூக்கியபடி இருந்தார்.
ஜூரி ஏழு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.
"யார் சொன்னது?" என்று
நான் அவனிடம் திருப்பிக் கேட்டிருக்கலாம்.
அதற்கு அனுமதி உண்டு.

நான் சொன்னேன்:
அவனுக்கு உத்தரவிடப்பட்டது.

செயப்பாட்டு வினை.
சுத்தமான வேலை, கைரேகை விழாது.

இராயப்பனை உங்களுக்குத் தெரிந்திருக்காது.
துறைமுகத்தில் மூட்டை தூக்கினவன்,
நகரசபைத் தேர்தலுக்கு எட்டு நாள் இருக்க
குயின் தெரு கித்தங்கி வாசலில்
கோப்பி கையோடு விழுந்தான்.
ஒரு செருப்பு சாக்கடை ஓரம் கிடந்தது.
இன்னொன்று கடைசிவரை அகப்படவில்லை.
அன்றைக்கு மட்டும் தெருவிளக்கு எரியவில்லை.
பழுது என்று கடிதம் வந்தது.
சரி, பழுதுதான்.

ரெண்டு தடவை சுட்டேன் என்றான் தீர்த்தமலை.
டாக்டர் எடுத்தது மூன்று குண்டு.
மூன்றாவதுக்கும் நூல் கட்டி, சீட்டு ஒட்டி,
என் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.
அது யாருடையது என்று
அரசு வக்கீல் கேட்கவில்லை.
எதிர் வக்கீலும் கேட்கவில்லை. அவருக்கு
யார் பணம் கட்டினார்கள் என்பது வேறு கதை.
கேட்டிருந்தால் பெயர்த்திருப்பேன்.
கேட்காத கேள்விக்கு எனக்குச் சம்பளம் இல்லை.

தெருமுனையில் இரண்டு மணி நேரம்
முன்பணம் வாங்கிக்கொண்டு காத்திருந்த
பேச்சாக்காரன் ஆ ஹெங் சாட்சிக்கு வரவில்லை.
சயாமுக்குப் போயிட்டான்னாங்க.
பாருங்கள், மறுபடியும்.

நாலைந்து வருஷம் கழித்து
தபாலாபீஸ் குமாஸ்தா ஒருவர், இரண்டாவது பீரில்,
குரலைத் தாழ்த்தினார்:
சேலம் பக்கம் ஒரு கிழவிக்கு
இங்கிருந்து மாதாமாதம் மணியார்டர் போகிறது.
அனுப்புகிறவர் பெயர் தீர்த்தமலை.
தூக்கில் போட்டவனுக்கு
யார் வரிசையில் நின்று கையெழுத்துப் போடுகிறார்கள்?
குமாஸ்தா மூன்றாவது பீர் கேட்டார்.
நான் வாங்கிக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

இப்போது ஜெலுத்தோங்கில்
இராயப்பன் பெயரில் ஒரு சந்து இருக்கிறது.
வருஷத்துக்கொரு தடவை மாலை, மேடை, ஒலிபெருக்கி.
"நம்ம தலைவரைக் கொன்னுட்டாங்க!"
கூட்டம் கை தட்டும்.
எத்தனை பேர் என்று எவரும் எழுந்து கேட்பதில்லை.
அந்த மேடையிலேயே ஒருவர்
சந்தன மாலையோடு உட்கார்ந்திருந்தாலும்
வினைமுற்று அவருக்கும் பொருந்தும்,
மரியாதையும் கெடாது.

தீர்ப்பு நாளில், படிக்கட்டுப் பக்கம்,
விலங்கோடு என்னைத் தாண்டிப் போனான்.
நின்றான்.
"ஐயா, நான் சொன்னதை
அப்படியே அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்" என்றேன்.

ஒருமை. தன்மை.
அந்த வழக்கு முழுவதிலும்
யார் என்று ஐயமில்லாமல் தெரிகிற வினைகள் இரண்டு.
ஒன்று, அவனுடைய சுட்டேன்.