நான்காவது குப்பி

காப்பித்தூள், சூடம், ஓமம்.
நான்காவதில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பதை யாரிடமும் சொல்லக்கூடாது
என்று பயிற்சியில் சொன்னார்கள்,
மாநகராட்சிப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பறையில்,
கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு
பாதியில் நின்றிருக்க.

கண்ணை மூடுங்க. மாஸ்க்கை இறக்குங்க.
தள்ளி நின்று நீட்டும் என் கை
உறைக்குள் வியர்த்து
இரவல் வாங்கிய கை போலிருக்கும்.

கொருக்குப்பேட்டையில் மூக்கைச் சோதிப்பது லேசில்லை.
மேல்காற்று வந்தால் குப்பைமேடு.
வாடை திரும்பினால் மணலி எண்ணெய்.
ரயில்வே கேட் பக்கம் போனால்
கால்வாய் தானாக வந்து பேசும்.
"எங்க மூக்கு போயி முப்பது வருசமாவுது.
அப்போல்லாம் ஒரு டப்பாவும் எட்த்துனு வர்லியே நீங்க"
என்றார் பழைய இரும்புக்கடை முனிரத்தினம்.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
மூன்றையும் சரியாகச் சொன்னார்.
நான்காவதை மோந்துவிட்டு
"வெயிலு" என்றார்.
அதையும் எழுதிக்கொண்டேன்.

ஒரு சந்து, பதினேழு வாசல்.
ஒரு வீட்டில் சொன்னது மறுவீட்டுக்குக் கேட்கும்.
ஒன்பதாவது வாசலில் தேசம்மா
கண்ணை இறுக்கிக்கொண்டு நின்றாள்.
"காப்பி."
"சூடம்."
"ஓமம்."
நான் இன்னும்
முதல் குப்பியின் மூடியையே திறக்கவில்லை.

அவள் முதுகுக்குப் பின்னால் அன்னக்கூடை.
பைபர் படகில் யாருக்கும் தெரியாமல் வந்த சங்கரா,
உருகும் ஐஸ்.
தகரம் அடித்தால் பதினாலு நாள்.
மீனுக்கு ஏது பதினாலு நாள்?

வரிசையை மாற்றினேன்.
ஓமத்தைத் திறந்து நீட்டினேன்.
"காப்பி."
காப்பியை நீட்டினேன்.
"சூடம்" என்றாள், கொஞ்சம் மெதுவாக.
பிறகு நான்காவது.
அதற்கு இந்தச் சந்தில்
ஆளுக்கொரு பதில் சொல்லியிருந்தார்கள்:
வெயில், புதுத்துணி, மழை, ஆஸ்பத்திரி.
எதை எடுப்பதென்று தெரியாமல்
கண்ணைத் திறந்துவிட்டாள்.

"இதுல இன்னா கீது, நீயே சொல்லு.
நாலு நாளா கூடைக்குள்ள மூஞ்ச வச்சிப் பாக்குறேன்.
நல்ல மீனு எது, கெட்டது எதுன்னு ஒண்ணியும் தெர்ல.
செவுளத் தொறந்து செவப்பு பாத்துத்தான் விக்கிறேன்.
நேத்து ஒருத்தி
வாசல்லயே வீசிட்டுப் போனா."

சொல்லும்போது குரல் உடையவில்லை.
எடைக்கல்லைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசினாள்.

எழுதினேன்.
எத்திராஜ் போன் செய்தான், தகரத்துக்கு.
வண்டி வருவதற்குள்
கூடை சுவர் தாண்டி அமுலுவிடம் போயிருந்தது.
அமுலு முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு
ஒவ்வொரு மீனாக மோந்து
பாதியை நாய்களுக்கு எறிந்தாள்.
தேசம்மா சுவருக்கு இந்தப் பக்கம் நின்று
எண்ணிக்கொண்டிருந்தாள்.
நான் பேனாவை மூடித் திறந்து
மூடினேன்.

இரவு மொட்டைமாடி எனக்கு.
கீழே தட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்,
ரசம் ஆறிப்போயிருந்தது.
அதில் பூண்டு இருந்ததா?
குப்பிகளை எடுத்து வரிசையாக வைத்தேன்.
கண்ணை மூடிக் கலைத்தேன்.
ஆனால் சூடக்குப்பிக்கு எடை குறைவு,
ஓமம் குலுக்கினால் சலசலக்கும்,
என் விரல்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.
காப்பி மணத்தது.
மணத்ததா,
மணக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்ததா?

நான்காவதைத் திறந்தேன்.
பதினேழு மூக்குகள் வந்துபோன காற்று.
பிறகுதான் உறைத்தது, மூடினேன்.

எழுந்து போய்க் கைப்பிடிச் சுவரோரம்
மேற்கே பார்த்து நின்றேன்.
குப்பைமேட்டில் எங்கோ எரிந்துகொண்டிருந்தது,
புகை கண்ணுக்குத் தெரிந்தது.
காற்று மட்டும் கடலிலிருந்து வந்தது,
காசிமேடு அடைத்துக்கிடந்த வாரம்,
அதில் கருவாடுகூட இல்லை.
விடியற்காலையில்தான் திரும்பும்.

பாயை
மேற்குச் சுவரோரம் இழுத்துப் போட்டேன்.