முதுகு

நான் காரை பூசுகிறவன். பெயர் கீனோ.
ஓவியன் ஒரு நாளில் தீட்டி முடிக்கிற அளவுக்குத்தான்
காலையில் ஈரச் சாந்து அப்புவேன்.
காய்ந்த சுவர் நிறத்தைக் குடிக்காது.
ஆகவே எங்கள் கொல்லே ஊரில் காலம் புரண்டதை
நான் கரண்டியால் அளந்தவன்.

முன்பெல்லாம் ஒரு நாள் சாந்தில்
மூன்று திருத்தூதர்கள் நின்றுவிடுவார்கள்,
பாதம் தரையில் படாமல்,
கத்தியால் கீறிய மடிப்புகளோடு.
நிழல்? யாருக்கும் கிடையாது.

பொனாயுத்தோ வந்த வருஷம்
ஒரு முகத்துக்கு ஒரு நாள் கேட்டான்.
மூன்று உள்ளங்கை அகலச் சாந்து.
"இவ்வளவுதானா?"
"இதுவே அதிகம்."
நான் நாள் கூலிக்காரன்.
வாயை மூடிக்கொண்டேன்.

வந்ததும் அவன் விசாரித்தது
ஜன்னல் எந்தப் பக்கம் என்று.
சுவரில் வரப்போகிறவர்கள் எல்லார் மேலும்
வெயில் அங்கிருந்தே அடிக்க வேண்டுமாம்.
பரலோகத்துக்கும் நம்மூர் ஜன்னலா
என்று சாரத்தில் சிரித்தார்கள்.

மரித்தவரை மடியில் கிடத்தி அழுகிற காட்சி.
கீழ் விளிம்பில் ஒருத்தியை உட்காரவைத்தான்,
நமக்கு முதுகு காட்டி.
பச்சைப் போர்வை, ஒரு மூட்டை மாதிரி.
ஆனால் உள்ளே எலும்பு இருந்தது.
தரை அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது.

கம்பளி வியாபாரி ஓர்மான்னோ வந்தார்.
அவர் பணம்,
வட்டியில் வந்து நரகத்துக்குப் பயந்து வெளியேறிய பணம்.
"முகத்துக்கல்லவா காசு கொடுத்தேன்?
முதுகுக்கு எவன் மெழுகுவத்தி ஏற்றுவான்?"

பாதிரியாருக்கு வேறு கவலை:
"ஒளிவட்டத்தை எங்கே வைப்பாய்?"

அது சிக்கல்தான்.
தலைக்குப் பின்னால் வைத்தால்
தங்கத் தட்டு தலையையே விழுங்கிவிடும்.
முகத்துக்கு முன்னால் வைத்தால்
அவள் எதைப் பார்த்து அழுவாள்,
தட்டையா?

மூவரும் வாதாட
என் சாந்து இறுகிக்கொண்டிருந்தது.
விரல் வைத்துப் பார்த்தேன்.
"மாலை மணி வரை தாங்காது" என்றேன்.
அன்று நான் பேசியது அது ஒன்றுதான்.
வட்டமில்லாமலே தீட்டினான்.
யாரென்று சொல்ல முடியாத ஒருத்தி
சுவரில் காய்ந்தாள்.

அந்தக் கோடையில்
நூல் நூற்கும் லாப்பாவின் பையனை
எல்சா ஆறு கொண்டுபோனது.
மூன்றாம் நாள், துணி துவைக்கும் ஆலையின் சக்கரத்தடியில்.
அவள் கோயிலுக்கு வந்தாள்.
பீடத்துக்குப் போகவில்லை. மண்டியிடவில்லை.
நேரே அந்தச் சுவரடியில் போய்
பச்சைப் போர்வைக்காரிக்குப் பின்னால்
வரிசையில் அடுத்த ஆள் போல
தரையில் உட்கார்ந்தாள்.
ஒரு முழ இடைவெளி,
பாதி சுவருக்கு உள்ளே, பாதி வெளியே.

எதிர்ச் சாரத்திலிருந்து எனக்குத் தெரிந்தது
இரண்டு முதுகுகள்.
எது குலுங்கியது என்று
சத்தியமாகச் சொல்ல மாட்டேன்.

இருந்தாலும், மறைக்காமல் சொல்கிறேன்:
பக்கப் பீடத்தில் பழைய மாதா இருக்கிறாள்.
தங்க ரேக்கு வானம், பாதாம் கண்.
சுடர் அசைந்தால் போதும்,
எங்கே நின்றாலும் என்னைப் பார்ப்பாள்.
கூலி வராத வாரங்களிலும் பார்த்தாள்.
புதியவர்கள் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை.
செத்தவனைப் பார்க்கிறார்கள்.
அவர்களுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது.
சில மாலைகளில் எனக்குக் கோபம்கூட வரும்.

நேற்றுக் கரண்டி கழுவும்போது பொனாயுத்தோ சொன்னான்:
"நாளைக்கு எதிர்ச் சுவர். மேலிருந்து தொடங்கு.
பெரிய பரப்பு. வானம்."

"தங்கமா?"

"இல்லை. மழை வருகிற மாதிரி."

நான் சுண்ணாம்பை
இன்னும் ஒரு தொட்டி அதிகமாக நனைத்து வைத்தேன்.