மைனர்

சட்டத்தின் முன் தெய்வம் ஒரு மைனர்.
எத்தனை நூற்றாண்டு போனாலும்
பதினெட்டு நிரம்புவதில்லை.
செவ்வந்திக்குழலிக்காகச் செயல் அலுவலர்தான் கையெழுத்திட்டார்.
பேனா எழுதவில்லை. உதறிவிட்டு மறுபடி இட்டார்.
கோர்ட் வராந்தாவில் ஒரு நீலப்புள்ளி இன்னும் இருக்கிறது.

வடுவக்குடியில் மிச்சம், பீடம்.
நான்கு துளை. ஒன்றில் எறும்பு.
அவள் நிற்பது கடலுக்கு அப்பால்,
கோடையிலும் ஏறாத குளிரில்.
"பெண் தெய்வம். வெண்கலம். தனியார் சேகரிப்பு."
பெயர் கேட்டு யாரும் கூப்பிடாத இடம்.

போனது எப்போது என்று ஊருக்குத் தெரியாது.
மாற்றி வைத்த போலி
எத்தனை வருஷம் பாலும் பன்னீரும் குடித்ததோ,
எத்தனை தேருக்கு நகை போட்டுக்கொண்டதோ.
அசலுக்கு வலது சுண்டுவிரல் நுனி கிடையாது.
போலிக்கு விரல் எல்லாம் முழுசு.
அதுதான் அதன் குறை.

ஒப்பந்தம் எழுதியது எழுபதில்.
நாம் சேர்ந்தது எழுபத்தேழில்,
அந்த நாடு எண்பத்து மூன்றில்.
அதற்கு முன் போனதை அது கேட்காது,
மேட்டூரில் இன்று திறக்கிற தண்ணீர்
போன வருஷம் கருகிய நாற்றுக்கு வராத மாதிரி.
எதிர்த்தரப்பு வக்கீலின் கடிதம் ஒரே வரி:
எண்பத்து மூன்றுக்குப் பிறகும்
அவள் அங்கே இருந்தாள் என்பதற்கு என்ன சான்று?

கதவுக்கு வெல்டிங் வைத்த மதலைமுத்து
தொண்ணூறு என்கிறார்.
டீ வந்ததும், எண்பதாகவும் இருக்கலாம் என்கிறார்.
பதிவேட்டில் "சரி" "சரி" "சரி" என்றே
பதினொரு பக்கம். ஒரே கையெழுத்து, ஒரே மை.

பாபநாசத்தில், கூட்டுறவு அங்காடியில்
எடை போடுகிற வஞ்சுளவல்லியிடம்
ஒரு கல்யாணப் படம் இருப்பதாகச் சொன்னார்கள்.
மண்ணெண்ணெய் வரிசை முடியும்வரை நின்றேன்.
படத்தில் பாதிதான் இருந்தது.
கத்தரி நேராகப் போயிருக்கிறது,
மாப்பிள்ளையின் தோளோடு.
மிச்சம் இருந்தது ஒரு மைனர் செயின், மூன்று கண்ணி.

"ஊர்லயே அவருக்கு மைனர்னுதான் பேரு.
ரெண்டு போகம் வித்த காசு கழுத்துல கிடக்கும்."

பெண் தலைகுனிந்திருக்கிறாள்.
பின்னால், பட்டுக்கும் மாலைக்கும் மேலே,
மலர் பிடிக்க மடிந்த ஒரு கை.
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
சுண்டுவிரல் நுனி இல்லை.
படத்தின் முதுகில் ஸ்டுடியோ முத்திரை, வலங்கைமான்.
பால்பாயிண்டில் தேதி: 29.8.86.
மூச்சு விட்டேன். எடைத்தட்டு ஆடியது,
அல்லது என் கைதான்.

"சாமியை மைனர்னா சொல்லுறீங்க?"
"ஆமாங்க. தனக்காகத் தானே பேச முடியாது.
வேறொருத்தர் பேசணும்."
அவள் சர்க்கரைச் சாக்கின் வாயைக் கட்டினாள்.
முடிச்சைப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டாள்.
"அந்தப் படத்துல எனக்குப் பதினாறு.
அதையும் எழுதுங்க."
வழக்குக்கு அது தேவைப்படாது என்றேன்.
"எழுதினாத்தான் படம்."

எழுதினேன்.
ஆறாம் பத்தி: விரல், தேதி, முத்திரை,
எண்பத்து ஆறில் அம்மன் அங்கே இருந்தாள் என்பது.
ஏழாம் பத்தி:
அன்று எனக்கு வயது பதினாறு.
வேண்டாம் என்று சொன்னேன்.
எனக்காக யாரும் பேசவில்லை.
எந்த ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவிலும்
இந்தப் பத்திக்கு இடம் இல்லை.
அடிக்கவில்லை.

கும்பகோணத்தில் மழை பிடித்துக்கொண்டது.
படத்தைப் பால் கவரில் சுற்றி எடுத்துப் போனேன்.
நோட்டரி கண்ணாடியை ஏற்றிவிட்டு
முழுக்கப் படித்தார். திருப்பி ஒருமுறை.
முத்திரையைத் தூக்கிய கை அப்படியே நிற்க,
"இதுல மைனர் யாரும்மா?" என்றார்.

நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.