மேலே கொண்டுபோன குளிர்

தெலாவிக்கும் திபிலிசிக்கும் நடுவே
பதினேழு வருஷம் ஆள் ஏற்றிய வண்டி.
இருக்கைகளைக் கழற்றி விற்றுவிட்டேன்.
தரையில் போல்ட் துளைகள் இரண்டிரண்டாக,
பயணிகள் உட்கார்ந்த வரிசை கலையாமல்.
இப்போது உள்ளே ஒரு மேசை, இரண்டு வாளி,
கன்று இழுக்கும் சங்கிலி,
தடுப்பூசிக்கு ஒரு குளிர்பெட்டி.
‘கதவை அறையாதீர்’ என்ற எழுத்தை மட்டும்
சுரண்டாமல் விட்டிருக்கிறேன்.
ஆடுகள் அதை மதிப்பதில்லை.

அபானோ கணவாய் ஏறும்போது
டர்போ அமுக்கித் தரும் காற்று கொதிக்கிறது.
கொதித்த காற்று
தண்ணீர் கலந்த பால்:
குடம் நிறையும், வயிறு நிறையாது.
எட்டாவது வளைவில் கரும்புகை கக்கி
இரண்டாம் கியருக்கு இறங்கி
பின்னால் வரும் வைக்கோல் லாரியின்
வசவை வாங்கித் தரும்.

“ஆற்றித் தரணும்,” என்றான் நுக்ஸார்.
“இப்ப இருக்கிற இன்டர்கூலர்
புட்டி அளவு. இதுக்கு அண்டா வேணும்.”

ருஸ்தாவியில், நொறுங்கிய லாரி ஒன்றின்
முகத்துக்குள்ளிருந்து அதை உருவி எடுத்தோம்.
கேட்ட விலையில் பாதி,
மீதிக்கு அவன் நாய்க்கு வெறிநாய் ஊசி.
நாய் என்னைக் கடிக்கவில்லை. அவன்தான் முறைத்தான்.

நான்கு விரல் நீளம் அதிகம்.
பம்பரின் உள்பக்கத்தை அறுத்தான்,
குறுக்குச்சட்டத்தைத் தொடவில்லை.
ஆணி பிடித்தது, குழாய் வளைந்தது,
முதல் ஓட்டத்தில் காற்று குளிர்ந்தது,
தண்ணீர் முள் சிவப்பை நோக்கி நகர்ந்தது.
முன்னால் நிற்பவன் காற்றையெல்லாம் குடித்துவிட்டால்
பின்னால் நிற்கும் ரேடியேட்டருக்கு
என்ன மிஞ்சும்?
மறுபடி கழற்றினோம்.
சாய்த்து, கீழே இறக்கி, இடைவெளி விட்டு,
எண்ணெய் டின்னை வெட்டி
ஓரங்களில் காற்றுக்கு மடை கட்டினோம்.
இரண்டு நாள். ஒன்பது கோப்பை காப்பி.
நுக்ஸாரின் கட்டைவிரலில் நான் போட்ட
மூன்று தையல்.

ஜூன் முதல் வாரம், பனிச்சுவர் இன்னும் உருகாத பாதை.
ஆறு, ஏழு, எட்டு.
எட்டாவது வளைவு தெரியாமலே போனது.
நான் பாட ஆரம்பித்தேன்,
அது என் தப்பு.

பதினோராவதில்
புட்டியின் தக்கை பிடுங்கியதுபோல் ஒரு சத்தம்.
புகை. பிறகு ஒரு கிழட்டுக் கழுதையின் வேகம்.
பிறகு அதுவும் இல்லை.

ஹோஸ் கழன்று தொங்கிற்று.
உள்ளே எண்ணெய் வழவழப்பு,
குழாய் வாயில் விளிம்பே இல்லை.
அவசரத்தில் நுக்ஸார் அதை உருட்ட மறந்திருக்கிறான்.
சிக்னல் இல்லாததால்
அவன் திட்டு வாங்காமல் தப்பினான்.
குளிர்பெட்டி முள்: ஐந்து.

ஊசி போடுமுன் தோலைத் துடைப்பதுபோல்
ஸ்பிரிட்டால் துடைத்தேன், ஊதி உலர்த்தினேன்,
ஹோஸை ஏற்றி க்ளாம்பை முறுக்கினேன்.
கையைத் தோள்வரை உள்ளே விட்டிருந்தபோது
மந்தையோடு வந்து நின்றார் ஜோகோலா.
“மக்வாலா டாக்டர், வண்டி கன்று போடுதா?”
“இல்லை. வெளியே வந்ததை
உள்ளே தள்ளுறேன்.”
அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் படுத்தார்,
கேட்காமலே மறுமுனையைப் பிடித்தார்.
க்ளாம்பை மட்டும் நம்பாமல்
கன்றுச் சங்கிலியை இரு பக்கமும் கொக்கி மாட்டி
இழுத்துக் கட்டினோம்.
இத்தனை நேரமும் ஆடுகள்
டயரை முகர்ந்துகொண்டிருந்தன.

ஓமாலோவில் நிறுத்தும்போது பெட்டியில் ஏழு.
எட்டு வரை தாங்கும்.
குழாயைத் தொட்டுப் பார்த்தேன்:
போன வருஷம் கை வைக்க முடியாத இடம்,
இப்போது கன்றின் காது அளவே சூடு.

இரவு மூன்று மணிக்குக் கதவு தட்டினார்கள்.
தலைச்சன் பசு, கால் மடங்கிய கன்று.
டார்ச்சை வாயில் கவ்வி
வண்டிக்கு அடியில் போனேன்.
சங்கிலியைக் கழற்றி
வெந்நீரில், பிறகு அயோடினில் போட்டேன்.
டீசல் வாடை முழுசாகப் போகவில்லை.

திரும்பும்போதும் கணவாய்க்கு ஏற்றம்தான்.
அதை அப்போது பார்த்துக்கொள்வோம்.