பாலுக்குள்ளும் கேட்கிற கொட்டை

தொண்டு நிறுவனம் கல்லடியில் கடையைக் கட்டியபோது
மேசை விசிறி நாலு, வெள்ளைப் பலகை ஒன்று,
யாரும் விலை கேளாத இந்தக் கோப்பி மெசின்.
ஏலத்தில் நான் கை தூக்கிவிட்டேன்.
மடியில் வைத்துக்கொள்ளுங்க என்றான் ஆட்டோக்காரன்,
பிள்ளையைப் போல.
பதினொரு கிலோப் பிள்ளை.

மறுகா தொடங்கியது கொட்டை தேடல்.

முதல் பை மெல்பேர்னிலிருந்து, பிரசாந்தினி அனுப்பியது.
எத்தியோப்பியா. காய்ந்த வைக்கோலை விடக் கொஞ்சம்தான் கறுப்பு.
பையில் எழுதியிருந்தது: மல்லிகை, தோடம்பழத் தோல், தேன்.
வெறுங்கோப்பியாய்க் குடித்தேன். பொய்யில்லை,
மூக்கின் பின்வாசலால் மல்லிகை வந்து போனது.
பாலை ஊற்றினேன்.
மல்லிகையைக் காணவில்லை.
தேசிக்காய் தவறி விழுந்த பால் மாதிரி
புளிப்பு மட்டும் மிச்சம்.
பாலைப் புளிக்கவைக்க மட்டக்களப்பாருக்கு
எத்தியோப்பியாவிலிருந்தா ஆள் வரவேணும்?
முட்டி முட்டியாய்த் தெருவோரம் அடுக்கி வைத்திருக்கிறோமே.

இரண்டாவது கொழும்பில் வாங்கினது.
கரி. எண்ணெய் பூசின மாதிரி மினுங்கல்.
அரைக்கிற பல்லில் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேனென்றது.
சோறு பிடித்த சட்டியைப் பாலால் கழுவிக் குடித்தேன்
ஒரு கிழமை,
காசு கொடுத்த குற்றத்துக்காக.

ஏறாவூரில் சப்ராஸ்
கஜு வறுத்த உருளையில் இப்போது கோப்பி வறுக்கிறார்.
நாடு, மலை, உயரம் எதையும் சொல்லவில்லை.
"பால் எவ்வளவு?" என்று கேட்டார்.
ஒரு பங்கு கோப்பிக்கு மூன்று.
"எருமையா, பசுவா?"
பசு. வவுணதீவிலிருந்து விடிய வருவது.
கொஞ்ச நேரம் உருளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"பால்ற கொழுப்பு நாக்கை மூடிப்போடும்.
அதுக்குள்ளால கேக்கணும்.
கிசுகிசுக்கிற கொட்டை சரிவராது. கத்தவும் படா.
அடுத்த அறைக்குள்ள இருந்து
ஆள் கூப்பிடுற மாதிரி இரிக்கணும்."

பதுளை முக்கால், மாத்தளை றொபஸ்டா கால்.
இரண்டாம் வெடிப்புக்கு ஒரு மூச்சு முன்னால் இறக்கியது.
ஒன்பது நாள் தொடாதீங்க என்று
பையில் திகதி எழுதித் தந்தார்.

நாலாம் நாள் தொட்டேன்.
நுரை சீறிக்கொண்டு வந்தது, உள்ளே ஒன்றுமில்லை.
பையை மடித்து றப்பர் வளையம் போட்டேன்,
யாரோ பார்த்துவிட்டது போல.
ஆய்வுகூடத்தில் இரத்தக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டும்போது
திகதி எழுதுகிற இடத்தில் கை கொஞ்சம் நின்றது.
ஐந்து. ஆறு. எட்டு.
ஒன்பதாம் நாள் கல்லடி முழுக்கக் கரண்ட் இல்லை.

பத்தாம் நாள், ஐந்தரை மணி.
வாவிப்பக்கம் இன்னும் நிறம் வரவில்லை.
பதினெட்டு கிராம். அழுத்தி, பூட்டி, எண்ணினேன்:
எட்டாவது செக்கனில் முதல் சொட்டு,
பிறகு எலிவால் தடிப்பில், தேன் வேகத்தில்.
பாலுக்கு ஆவி பிடித்தேன்.
கடதாசி கிழிகிற சத்தம் முதலில்; பிறகு சத்தமே இல்லை.
கையால் தொட முடியாத சூட்டுக்குச் சற்று முன்னால் நிறுத்தினேன்.

குடித்தேன்.
கருப்பட்டி. வறுத்த கஜு.
பால் மேலே முழுக்க மூடிக்கிடக்க
அடியிலிருந்து ஒரு குரல், ஓம்,
அடுத்த அறையிலிருந்துதான்.

கேற்றடியில் மணி.
பூபாலபிள்ளை, சைக்கிளில் கேன் இரண்டு.
இரண்டாவது கோப்பையை அவரிடம் நீட்டிக்கொண்டு
பத்து நாள் கதையைச் சொன்னேன்:
உங்கட பாலுக்குத் தோதான கொட்டை தேடி
எங்கெங்கே போனேன் என்று.
"பாலுக்கு ஏத்த கொட்டையோ?"
கேனின் மூடியை ஒருதரம் தடவிக்கொண்டார்.
"எல்லாரும் பாலைத்தானே குறை சொல்றவங்க."

நின்ற நிலையில் குடித்தார், மீசையில் நுரையோடு.
நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
கருப்பட்டி என்பார். கஜு என்பார்.
குறைந்தது கோப்பி என்றாவது.

"பால் நல்லாயிருக்கு," என்றார்.
கோப்பையைத் தந்துவிட்டு
ஒரு லீற்றர் அளந்து ஊற்றினார்,
எப்போதையும் விடக் கொஞ்சம் கூடவே.